மேடைக்கு மட்டும் பூ

விராலிமலையிலிருந்து கீரமங்கலம் வரைக்கும் செல்வராணியின் குரலைக் கேட்காத ஊர் ஒன்று இருக்கிறதென்றால், அந்த ஊரில் மைக்செட்டே கட்டியதில்லை என்று அர்த்தம். திருவிழா, காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா எதுவானாலும் 'சவரிநாதன் செல்வராணியைக் கூப்பிடுங்கப்பா' என்பார்கள். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் பழக்கம். மேடையில் அவர் புருஷன், அவள் பெண்டாட்டி. குடித்துவிட்டுத் தள்ளாடி வரும் புருஷனை அவள் பாட்டாலேயே விளாசுவாள். அவர் பாட்டாலேயே காலில் விழுவார். முன்வரிசைப் பெண்கள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவர்களோடு வந்த ஆம்பளைகள் வானத்தில் நட்சத்திரம் பார்ப்பார்கள். யாரோ அந்தச் சண்டைப் பாட்டைப் போனில் எடுத்து யூடியூபில் போட்டுவிட்டார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். 'வாழ்ந்தா இந்த ஜோடி மாதிரி வாழணும்' என்று கீழே எழுதாத ஆளில்லை.

அவர்கள் வாழவில்லை. அதுதான் விஷயம். சவரிநாதனுக்கு ஆவூர்ப் பக்கத்தில் வீடு இருந்தது. வீட்டில் சூசைமேரி என்ற மனைவியும் ஜெரால்டு என்ற மகனும் இருந்தார்கள். செல்வராணி விராலிமலைக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். அவளுடைய புருஷன் நாகராசு திருப்பூரில் பெயிண்ட் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனான். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. பிள்ளையும் இல்லை.

சவரிநாதன் அவள் குரலை முதன்முதலில் கேட்டதே அந்தச் சாவு வீட்டில்தான். அவர் அன்றைக்கு மைக்செட்டுக்காரரோடு வேலையாக வந்தவர். ஈஸ்டருக்கு நடக்கும் பாஸ்கா நாடகத்தில் பாடுவார், கோயில் பாட்டுக் குழுவிலும் பாடுவார், ஆனால் சாப்பாட்டுக்கு மைக்செட் வேலை. ஒலிபெருக்கியில் பாட்டைப் போடுவதற்காகக் கையை நீட்டியவர், உள்ளேயிருந்து வந்த ஒப்பாரியைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். 'மாமா, என் மாமா' என்று அவள் எடுத்த எடுப்பில், வெளியே பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களே கயிற்றை விட்டுவிட்டு நின்றார்கள் என்று அவர் பிற்பாடு சொல்லுவார்.

பல மாதம் கழித்து, தவில் அடிக்கும் ஐயனாரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். கிராமியப் பாட்டுக் குழு ஒன்று ஆரம்பிக்கிறோம், பாட வர முடியுமா என்று கேட்டார். தாலி அறுத்த பிள்ளை மேடை ஏறினால் ஊர் சிரிக்கும் என்று அப்போது அவளோடு இருந்த அம்மா கத்தினாள். செல்வராணி அம்மாவைப் பார்த்து, "ஊரு இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்கு?" என்று கேட்டாள். சவரிநாதன் பக்கம் திரும்பி, "வாரேங்க" என்றாள்.

பாட்டு ஒத்திகைக்கு அவள் முதல் தடவை சவரிநாதன் வீட்டுக்குப் போன அன்றைக்கே சூசைமேரி ஒரு முடிவு கட்டிவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகமும் நன்றாக இருக்கிறது, குரலும் நன்றாக இருக்கிறது, புருஷன் இல்லை. எந்தப் பெண்டாட்டிக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் சூசைமேரி சண்டை போட்டு அசிங்கப்படுகிற ரகமில்லை. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டாள்.

"டேய் ஜெரால்டு, அத்தை வந்திருக்கு பாரு. அத்தைக்கு ஒரு செம்புல தண்ணி கொண்டா."

ஒரு சொல்தான். அத்தை என்றால் அப்பாவோடு கூடப் பிறந்தவள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? செல்வராணியும் மந்தமில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "போதும் மதினி" என்றாள். அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தானே கூப்பிட வேண்டும். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போய்வர அவளுக்குத் தடையே இருந்ததில்லை.

சவரிநாதனை மட்டும் அவள் முறை சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மேடையில் வாய்க்கு வாய் 'மாமா' என்பாள். மேடையை விட்டு இறங்கினால் 'இந்தாங்க', 'கேட்டீங்களா', 'டீ சொல்லவா' என்று பட்டும் படாமலும் ஓடும் பேச்சு. அண்ணே என்று ஒரு தடவைகூட அவள் வாயில் வரவில்லை. சூசைமேரிக்கு அது காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்தும் விழாத மாதிரி இருந்துகொண்டாள்.

முதல் மேடை சரியாக அமையவில்லை. குரலில் குறையில்லை. ஆனால் நெற்றியும் தலையும் வெறுமையாக நின்ற பெண், புருஷனோடு சண்டை போடும் பாட்டைப் பாட, கீழே இருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் காதில் பேசிக்கொண்டார்கள். "யாருடி அது, மூளியா வந்து நிக்குது?" என்று ஒரு குரல் செல்வராணிக்கே கேட்டது. வீட்டுக்கு வந்து சவரிநாதன் இதைச் சொல்ல, சூசைமேரி கேட்டுக்கொண்டாள். அடுத்த நிகழ்ச்சிக்கு அவர் கிளம்பும்போது வாழையிலையில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கொல்லையில் பறித்த குண்டுமல்லியை நெருக்கமாகத் தொடுத்து வைத்திருந்தாள். "மேடைக்கு மட்டும் வச்சுக்கிறச் சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. வேனில் வரும்போது செல்வராணி பொட்டு வைத்து, அந்தப் பூவைச் சூடிக்கொள்வாள். நிகழ்ச்சி முடிந்து வேன் ஏறியதும் பொட்டை அழித்துவிட்டு, பூவைக் கழற்றி ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் மாதா படத்துக்குச் சாத்திவிடுவாள். சூசைமேரிக்குக் காய்ச்சலாக இருந்த நாளில்கூடப் பூப் பொட்டலம் வராமல் இருந்ததில்லை.

ஒரு வருஷம் கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்த் திருவிழா நோட்டீஸில் 'புகழ்பெற்ற நாட்டுப்புற இசைத் தம்பதியினர்' என்று அச்சடித்துவிட்டார்கள். சவரிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். திருத்தச் சொல்வதற்குள் நோட்டீஸ் ஊரெல்லாம் போய்விட்டது. போனதும் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை கோயில் மேடைக்கு மட்டும் கூப்பிட்டவர்கள் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். நலுங்குப் பாட்டுப் பாட, மஞ்சளும் குங்குமமுமாக வாழ்கிற ஒரு பொம்பளை வேண்டும் என்று தேடுகிற வீடுகள் அவை. விதவை என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பந்தல்காலைத் தொடவே விடமாட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். செல்வராணி, "வேணாங்க, சொல்லிருவோம்" என்றாள். சவரிநாதன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சூசைமேரிதான், "நோட்டீசுதானே, இருந்துட்டுப் போகட்டும். நம்ம வீட்டுக்குள்ள யாரு யாருன்னு நமக்குத் தெரியாதா?" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். தனியாகக் கிடக்கிற ஒருத்தி நாலு காசு பார்த்தால் நல்லதுதானே என்று நினைத்தாள். ஆனால் வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுமா?

கீரமங்கலத்தில் அன்புமொழி என்று ஓர் அம்மாள். பூக் கமிஷன் கடைக்காரர் வீடு. மகளுக்கு வளைகாப்பு வைத்தபோது, பாடி முடித்த செல்வராணியைக் கையைப் பிடித்து இழுத்து, "மொத வளையலை நீங்க போடுங்க. ஒங்கள மாதிரி எம் புள்ளையும் புருசனோட சந்தோசமா இருக்கணும்" என்றார். செல்வராணி, எனக்குக் கை நடுங்கும், வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள் என்று மழுப்பிப் பார்த்தாள். விடவில்லை. கண்ணாடி வளையலைப் போட்டுவிட்டு வந்தவள், வேனில் வழி முழுக்க மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆகி, குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆனாலும் செல்வராணிக்கு அந்த வளையலின் நினைவு போகவேயில்லை.

அவளுக்குச் சவரிநாதனைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் இலையில் குழம்பு விழுந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அவர் சோற்றில் கை வைப்பார். அவள் குரல் கம்மிய நாளில் தானே இழுத்துப் பாடிச் சமாளிப்பார். அதற்கு மேல் அவர் ஒரு நாளும் வரம்பு தாண்டியதில்லை. ஒரே ஒரு தடவை, திருவிழா முடிந்து திரும்பும்போது, அவள் பூவைக் கழற்றக் கையைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டுமே, செல்வராணி. கழட்டாட்டித்தான் என்ன?" என்றார். வேனில் எல்லாரும் அசந்து கிடந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு கழற்றி மாதாவுக்குச் சாத்தினாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பற்றி அவர்கள் பிறகு பேசியதில்லை. இத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் நடந்தது என்று சொன்னால் அது ஒன்றுதான்.

போன சித்திரையில் சவரிநாதன் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. ஐயனார்தான் செல்வராணிக்குப் போன் பண்ணினார். "அண்ணன் போயிட்டாரு" என்றார். அவள் கேஸை அணைத்துவிட்டு, உலையில் போட்ட அரிசியை அப்படியே வைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினாள். அழுகை நெஞ்சுக்குள் குழவிக்கல்லாக உட்கார்ந்திருந்தது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு ஒரு தடவை அழுதுவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தாள்.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். மேடை உடுப்பில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தனியாக நிற்கிற மேடைப் படம் ஒன்றுகூட இல்லையாம். இருந்ததில் ஒன்றை எடுத்து, பக்கத்தில் நின்றவளை வெட்டியிருந்தார்கள். வெட்டியும் ஓரத்தில் கொஞ்சம் கொண்டையும் அதில் சுற்றிய குண்டுமல்லியும் மிச்சமிருந்தன. செல்வராணி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

ஜெரால்டு குவைத்திலிருந்து வருவதற்காக உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் சிலுவையும் மெழுகுவர்த்தியும் இருந்தன. அவன் வந்து சேர்ந்த நேரத்தில் சனம் தெருவை அடைத்துவிட்டது. எத்தனையோ ஊர்க்காரர்கள், மேடையில் பார்த்தவர்கள், செல்போனில் பார்த்தவர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் நேராகச் செல்வராணியிடம்தான் போனார்கள். கையைப் பிடித்தார்கள், கட்டிக்கொண்டார்கள். "ஒங்களுக்கா இந்தக் கதி வரணும்" என்று தலையைத் தடவினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் பின்வாங்கப் பின்வாங்க, துக்கத்தில் அப்படிச் செய்கிறாள் என்று தோளைப் பிடித்துத் தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். சூசைமேரி கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டியவளுக்கு அங்கே இடமில்லை.

அன்புமொழியும் வந்திருந்தார். செல்வராணியைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டு, கால்மாட்டில் இருந்த சூசைமேரியிடம் மரியாதைக்காக, "நீங்க அவருக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

சூசைமேரி தாலிச் சங்கிலியை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து வெளியே விட்டுக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து செல்வராணிக்குப் பக்கத்தில் வந்தாள். அவள் காதோரம் குனிந்தாள்.

"செல்வராணி, ஏன் அழுகாம இருக்க? அழுவு. அண்ணன்னு சொல்லி அழு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி அழு." குரல் உடைந்தது. "இத்தன வருசம் ஒனக்குப் பூக் கட்டிக் குடுத்தேன். நான் வேற ஒண்ணும் கேட்டதில்ல, இத மட்டும் குடுத்துரு."

ஒப்பாரி என்பது சும்மா அழுவதில்லை. போனவர் நமக்கு என்ன முறை வேண்டும் என்று சொல்லித்தான் முதல் அடியையே எடுக்க முடியும். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, புருஷனுக்கு, பிள்ளைக்கு என்று யார் வீட்டுச் சாவுக்கும் முறை வைத்து அழத் தெரிந்தவள் செல்வராணி. அவளுக்கு இங்கே முதல் சொல் கிடைக்கவில்லை. 'மாமா' என்று எடுத்தால் பக்கத்தில் இருக்கிறவளின் கழுத்தில் கையை வைத்த மாதிரி. 'அண்ணே' என்று எடுத்தாலோ, மேடையில் பாடியதெல்லாம் கூடப்பிறந்தவனோடு பாடிய காதல் பாட்டாகிவிடும். புருஷன் இல்லாதவள் கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய் நலுங்கு பாடினாள் என்பதும் வெளியே வந்துவிடும். இனிமேல் எந்த வாசலும் திறக்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல வேண்டுமே, அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. கழட்டாட்டித்தான் என்ன என்று கேட்ட மனுஷன் அவர்.

அவள் சூசைமேரியைப் பார்த்தாள். சூசைமேரியின் விரல் நுனிகளில் நார் இழுத்து இழுத்துக் காய்த்த கோடுகள் தெரிந்தன. செல்வராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சூசைமேரியின் தோளில் கையைப் போட்டு, வாயைத் திறந்தாள்.

"தண்ணி கேட்டு வந்தவளுக்குத்
தாவாரம் தந்த அண்ணே
அத்தையின்னு பேரு வச்சு
அடுக்களையில் சேத்த அண்ணே
மஞ்சக் கயித்துக்காரி
மதினி கலங்குறாளே
கூடப் பொறந்தவ நான்
கூடி அழ வந்தேனே..."

அவள் அதைப்போல எந்த மேடையிலும் பாடியதில்லை என்று ஐயனார் இன்றைக்கும் சொல்கிறார். தவிலைத் தொடாமலே அவர் விரல் தொடையில் தாளம் போட்டதாம். மதினி என்று அவள் எடுத்த இடத்தில், சூசைமேரி அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் வெடித்து வெளியே வந்தது. சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு கூட்டம் மெல்ல மெல்லச் சூசைமேரி பக்கம் நகர்ந்தது. கைகள் அவள் தலையைத் தடவின. பெண்டாட்டி யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவப் போன செல்வராணியிடம் அன்புமொழி வந்து நின்றார்.

"அப்ப ஒங்க வீட்டுக்காரரு?"

"அவரு செத்து ரொம்ப வருசமாச்சுங்க."

"அது தெரிஞ்சேவா எம் புள்ள கையில மொத வளையலப் போட்டீங்க?"

செல்வராணி குழாயை விட்டு விலகி நின்றாள். அன்புமொழி அவளைத் தொட்டுக் கட்டிக்கொண்ட கைகளைக் குழாயில் கழுவிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரோடு வேனில் வந்தவர்களும் போனார்கள்.

உடலைக் கோயிலுக்கு எடுப்பதற்கு முன், கட்டியவளுக்குக் கடைசியாகப் பூ வைக்கிற வழக்கம் அந்தத் தெருவில் உண்டு. அதெல்லாம் வேண்டாமென்று சாமியார் ஒவ்வொரு சாவுக்கும் சொல்லுவார். பெண்கள் ஒரு தடவையும் கேட்டதில்லை. யாரோ ஒரு கிழவி பூவைக் கொண்டுவந்து சுற்றும் முற்றும் பார்த்து, "நாத்தனா எங்க? கூடப் பொறந்தவதான வைக்கணும்? நீ வையித்தா" என்று செல்வராணி கையில் கொடுத்தாள். அதே கொல்லையில் பறித்த குண்டுமல்லி. செல்வராணி அதைச் சூசைமேரியின் கொண்டையில் வைத்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கல்யாண வீட்டு அழைப்புகள் அந்த மாதமே நின்றுபோயின. பேசி முடித்திருந்த இரண்டு வீட்டிலும், வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்று ஐயனாரிடம் சொல்லிவிட்டார்கள். கோயில் மேடைக்காரர்களும் ஜோடி இல்லாமல் எப்படி என்று இழுத்தார்கள். யூடியூபில் அந்தச் சண்டைப் பாட்டுக்குக் கீழே இப்போது வேறு மாதிரி எழுதுகிறார்கள். செல்வராணி பார்ப்பதில்லை. இப்போது அவளைச் சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். யார் வீடானாலும் போகிறாள். முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்காக நன்றாக அழுதுவிட்டு வருகிறாள்.

வருஷத் திதிப் பூசைக்கு ஜெரால்டு போன் பண்ணினான். "அத்தை, அம்மா ஒங்கள முன்னாடி பெஞ்சுல வந்து ஒக்காரச் சொல்லுச்சு." போனாள். பூசை முடிந்ததும் சூசைமேரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ அன்னைக்கு அழுகலைன்னா நான் யாருன்னே ஊருக்குத் தெரிஞ்சிருக்காதுடி" என்றாள். வீட்டில் சோறு போட்டு, கிளம்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தாள். கொல்லையில் மல்லி பூத்துக் கிடந்தது. பறிக்க ஆளில்லை போல, செடிக்கடியில் உதிர்ந்து வாடிக்கிடந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "அந்தப் பாட்டுப் பாடுறவருதானே செத்துப்போனாரு? அவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்" என்றாள் செல்வராணி. இப்போதெல்லாம் தடுமாறாமல் சொல்ல வருகிறது.

தனியாக இருக்கும்போதுதான் முடியவில்லை. அன்றைக்கு அழுதது சூசைமேரிக்காக. தனக்காக அவருக்கு அவள் இன்னும் அழவேயில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டாள். கண் கலங்கும், தொண்டை வரைக்கும் வரும், வாயைத் திறப்பாள். 'அண்ணே' என்றுதான் வருகிறது. அதோடு அழுகை நின்றுவிடுகிறது.